கும்பகோணம் எத்தனை பைட்?

கும்பகோணம் என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் சின்னப் பிள்ளைகள்கூட விரல் விட்டு 6 என்று சொல்லிவிடுவார்கள்: கு, ம், ப, கோ, ண, ம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடில் அதே சொல்லுக்கு 10 குறியெண்கள் (எழுத்துக்கும் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தந்த எண்கள்). அந்த எண்களை யூடிஎஃப்-8 முறையில் கோப்பில் எழுதினால் 30 பைட் (ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணைத் தாங்கும் சேமிப்பு இடம்). யூடிஎஃப்-16 முறையில் 20 பைட். திஸ்கி என்ற பழைய தமிழ் என்கோடிங்கில் (எழுத்துகளைப் பைட்டாக எழுதும் முறையில்) 8 பைட்தான். வேறொரு கணினியிலிருந்து வந்த கோப்பில் இதே சொல் 11 குறியெண்களாக, 33 பைட்டாக இருக்கவும் கூடும். திரையில் பார்த்தால் எல்லாம் ஒரே கும்பகோணம்தான்.

ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் இத்தனை வடிவங்களையும் கையாள வேண்டியிருக்கிறது. வட்டிலிருந்து படிக்கும்போது ஒன்று, நினைவகத்தில் வைத்திருக்கும்போது ஒன்று, கோப்பின் பெயரை இயங்குதளத்திடம் சொல்லும்போது வேறொன்று. எந்த வரியில் எந்த வடிவம் கையில் இருக்கிறது என்பதை நிரல் வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் எங்கோ ஓரிடத்தில் தமிழ் உடையும். ஆங்கிலம் உடையாது, ஏனென்றால் முதல் 128 இடங்களைப் பெரும்பாலான என்கோடிங்குகள் ஒரே மாதிரி வைத்திருக்கின்றன. எழுதியவர் ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நம்பி வெளியிட்டுவிடுகிறார்.

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துக் கல்லூரிகளில் கணினியியல் படித்துவிட்டு, கட்டற்ற மென்பொருள்களில் கை வைத்துப் பார்க்க நினைக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். எடிட்டர்களில் இந்தப் பகுதியைச் சரிசெய்ய அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. சோதனைக்கு வேண்டிய கோப்புகள் அவர்கள் தெருவிலேயே கிடக்கின்றன.

காவிரிப் படுகையில் எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் பழைய டிடிபி கடை (கணினியில் அச்சுக்கோக்கும் கடை) ஒன்று இருக்கும். திருமண அழைப்பிதழ், கும்பாபிஷேக மலர், கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளி ஆண்டுமலர், கண்ணீர் அஞ்சலி என்று இருபது முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்த கோப்புகள் அங்கே குறுந்தகடுகளிலும் பழைய ஹார்டு டிஸ்க்குகளிலும் தூங்குகின்றன. ஓர் ஊரின் கோயில் வரலாற்றுக்கு அச்சு மலர்கூடக் கிடைக்காமல் அந்தக் கோப்பு மட்டும் மிஞ்சியிருக்கலாம். அவற்றில் பெரும்பகுதி யூனிகோட் அல்ல.

அன்றைக்குத் தமிழைக் கணினியில் காட்ட ஆளுக்கொரு வழி இருந்தது. பாமினி போன்ற ஃபாண்டுகள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்தன. பாமினியில் 'ம' இருப்பது ஆங்கில 'கே' எழுத்தின் இடத்தில். புள்ளி இருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். ஃபாண்டை எடுத்துவிட்டால் அம்மா என்று தட்டிய சொல் 'எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச்' என்று நிற்கும். திஸ்கி வேறு வழியில் போயிற்று. முதல் 128 இடங்களை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு, மேல் பாதியில் தமிழை வைத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்று இரண்டு முறைகளைத் தமிழக அரசு தரப்படுத்தியது. பிறகு 2010 ஜூனில் யூனிகோடையும், 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் தரும் டேஸ்-16 முறையையும் அரசு ஏற்றது. இவை தவிர, அச்சகங்களுக்கு மென்பொருள் விற்ற நிறுவனங்கள் தத்தமக்கென்று வைத்திருந்த என்கோடிங்குகள் பல.

எடிட்டருக்கு இதனால் வரும் சிக்கல் அட்டவணை மாற்றத்தோடு முடிவதில்லை. திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்படுகின்றன. 'கோ' என்றால் முதலில் இரட்டைக்கொம்பு, அடுத்து க, கடைசியில் துணைக்கால். யூனிகோடில் முதலில் க, பிறகே உயிர்க்குறி. ஆகவே திஸ்கியிலிருந்து மாற்றும் நிரல் கொம்பைப் பார்த்ததும் எழுதிவிட முடியாது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த மெய்யெழுத்து வரும்வரை காத்திருந்து, அதற்குப் பின்னால் துணைக்கால் வருகிறதா என்றும் பார்த்தாக வேண்டும். 'தமிழ்' என்ற சொல் திஸ்கியில் 190, 193, 162, 250 என்ற 4 பைட். புள்ளி வைத்த 'ழ்' தனி ஒரே பைட். யூனிகோடில் அது 5 குறியெண்கள், யூடிஎஃப்-8 கோப்பில் 15 பைட். ஒரு வடிவத்தில் எண்ணிய இடம் மற்ற வடிவத்தில் செல்லாது. கர்சர் இருக்கும் இடம், தேடல் முடிவு, பிழை வந்த வரி என எல்லா எண்களுக்கும் இது பொருந்தும்.

மாற்றம் நடக்கும் இடங்கள்

நல்ல எடிட்டர் நிரலில் என்கோடிங் மாற்றம் எல்லைகளில் மட்டுமே நடக்கும். கோப்பைத் திறக்கும்போது, சேமிக்கும்போது, கோப்புப் பெயரை இயங்குதளத்துக்குக் கொடுக்கும்போது, கிளிப்போர்டில் ஒட்டும்போது, வேறொரு நிரலை ஓட்டி அதன் வெளியீட்டைப் படிக்கும்போது. உள்ளே வந்த பிறகு உரை ஒரே வடிவத்தில்தான் இருக்க வேண்டும். அது யூடிஎஃப்-8 ஆக இருக்கலாம், யூடிஎஃப்-16 ஆக இருக்கலாம். எது என்பதைவிட ஒன்றுதான் என்பது முக்கியம்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. நிரலில் இதைக் காப்பாற்றுவது கடினம், ஏனென்றால் பல மொழிகளும் நூலகங்களும் மாற்றத்தை நமக்குத் தெரியாமல் செய்து கொடுக்கின்றன. சி++ நிரலாளர்கள் பயன்படுத்தும் க்யூடி நூலகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் உரை வகை உள்ளே யூடிஎஃப்-16. சாதாரண பைட் சரம் (பைட்டுகளின் வரிசை) ஒன்றை அதனிடம் கொடுத்தால் தானாகவே மாற்றிக்கொள்ளும். க்யூடி 4 அந்தச் சரத்தை லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய என்கோடிங்) என்று எடுத்துக்கொண்டது. 2012 டிசம்பரில் வந்த க்யூடி 5 யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்கிறது. நிரலில் ஒரு வரிகூட மாறாமல் பொருள் மாறிவிட்டது. வரியைப் படிப்பவருக்கு இரண்டுமே தெரியாது, ஏனென்றால் மாற்றம் என்ற சொல்லே அந்த வரியில் இல்லை. இந்தத் தானியங்கி மாற்றத்தை முழுதாக அணைத்துவிட க்யூடியில் ஒரு வழி இருக்கிறது. அணைத்ததும் நூற்றுக்கணக்கான இடங்களில் கம்பைலர் பிழை காட்டும். அந்தப் பிழைப் பட்டியலைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. என்கோடிங் எதுவென்று யாரும் யோசிக்காமல் விட்ட இடங்களின் முழுக் கணக்கு அது. வேறு எந்த வழியிலும் அது கிடைக்காது.

பைத்தான் 2-இல் இதே நோய் வேறு வடிவில் இருந்தது. பைட் சரத்தையும் யூனிகோட் சரத்தையும் கூட்டினால் அது பைட்டை ஆஸ்கி (ஆங்கிலத்துக்கான அந்த முதல் 128 இடங்கள்) என்று நினைத்துத் தானே மாற்றப் பார்க்கும். ஆங்கிலப் பெயர் உள்ள பயனருக்கு ஓடும். தமிழ்ப் பெயர் வந்த நாளில் விழுந்துவிடும். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3 இரண்டையும் தனித்தனி வகையாகப் பிரித்து, கூட்ட முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. பழைய நிரல்களெல்லாம் உடைந்தன, உலகம் முழுக்கப் புகார் எழுந்தது, மாறுவதற்குப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. என் பார்வையில் தமிழ் போன்ற மொழிகளுக்கு அந்த முடிவு செய்த நன்மை பெரியது. ரஸ்ட் மொழி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அதன் உரை வகை எப்போதும் செல்லுபடியாகும் யூடிஎஃப்-8. பைட்டை உரையாக்கும்போது தவறக்கூடும் என்பதை நிரலாளர் கையாண்டே ஆக வேண்டும். கோப்புப் பெயருக்கு மூன்றாவதாக ஒரு வகை.

வகைகளைப் பிரிக்க மொழி உதவாதபோது பெயர்கள் உதவ வேண்டும். 'கன்வர்ட்' என்று ஒரு செயற்கூறுக்கு (ஃபங்ஷனுக்கு)ப் பெயர் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். எதிலிருந்து எதற்கு என்று அது சொல்லவில்லை. 'யூடிஎஃப்-8 பைட்டிலிருந்து உரைக்கு' என்ற பொருளில் நீளமாகப் பெயர் வைத்தால் படிப்பவர் வரையறையைத் தேடி ஓட வேண்டாம்; தவறான இடத்தில் அழைத்தால் அந்த வரியிலேயே கண்ணில் உறுத்தும். மாறிகளுக்கும் இதுவே. 'டேட்டா' என்ற பெயருக்குப் பதிலாக 'கோப்பு பைட்' என்றும் 'உரை' என்றும் பொருள்படும்படி வைத்தால், உரையை இன்னொரு முறை டிகோட் செய்யும் (பைட் என்று நினைத்து மறுபடி உரையாக்கும்) பிழை எழுதும்போதே தெரிந்துவிடும். ஒரு சரம் ஆங்கில எழுத்துகளை மட்டுமே கொண்டது என்று நிரலாளர் உறுதியாக நம்பினால், அந்த நம்பிக்கையையும் பெயரிலேயே எழுதி, சோதனைக் கட்டத்தில் சரிபார்க்கும் ஒரு வரியையும் போட்டுவிட வேண்டும்.

எல்லைகளில் மிக மோசமானது கோப்புப் பெயர். 'உள்ளூர் 8-பிட்' என்ற பொருளில் பல நூலகங்களில் ஒரு மாற்றுச் செயற்கூறு உண்டு. விண்டோஸில் அது கணினியின் பழைய கோட் பேஜை (எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையை)ப் பயன்படுத்தும். தமிழுக்கென்று விண்டோஸில் அப்படி ஒரு கோட் பேஜ் கிடையவே கிடையாது. இங்குள்ள கணினிகளில் பொதுவாக இருப்பது மேற்கு ஐரோப்பிய 1252. அதில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆகவே 'கும்பகோணம்' என்ற கோப்புப் பெயரை அந்தச் செயற்கூறு வழியே அனுப்பினால் வருவது பத்துக் கேள்விக்குறிகள். விண்டோஸ் கோப்புப் பெயரில் கேள்விக்குறிக்கு அனுமதியும் இல்லை. கண்ணெதிரே கோப்பு இருக்கும்போதே 'கோப்பு கிடைக்கவில்லை' என்று எடிட்டர் சொல்லும். கடைக்காரர் கோப்புக்கு ஆங்கிலத்தில் பெயர் மாற்றி வைத்துக்கொள்வார்; குறை நிரலுடையது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். லினக்ஸில் கதை வேறு. அங்கே கோப்புப் பெயர் என்பது சும்மா பைட் வரிசை, அது யூடிஎஃப்-8 ஆக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பழைய குறுந்தகட்டிலிருந்து நகலெடுத்த திஸ்கிப் பெயர்களும் அங்கே இருக்கலாம். ஆகவே திரையில் காட்டும் பெயரை ஒரு மாறியிலும், இயங்குதளம் கொடுத்த அசல் பெயரைத் தொடாமல் இன்னொரு மாறியிலும் வைத்திருப்பதுதான் பத்திரம்.

ஊகிப்பதும் கேட்பதும்

ஒரு கோப்பைத் திறக்கும்போது அதன் என்கோடிங் என்ன என்பது எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. எடிட்டர் ஊகிக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து நோட்பேடில் 'புஷ் ஹிட் த ஃபேக்ட்ஸ்' (புஷ் உண்மைகளை மறைத்தார்) என்று ஆங்கிலத்தில் தட்டிச் சேமித்து மறுபடி திறந்தால் சீன எழுத்துகள் தெரிந்தன. 18 பைட் கொண்ட அந்த வரியை 9 யூடிஎஃப்-16 எழுத்துகள் என்று அது ஊகித்துக்கொண்டது. சதி என்றுகூடப் பலர் பேசினார்கள்.

யூடிஎஃப்-8 விஷயத்தில் மட்டும் ஊகத்துக்குப் பெரிய பலம் உண்டு. 1992 செப்டம்பரில் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் அதை வடிவமைத்தபோது, எழுத்தின் முதல் பைட்டும் தொடர் பைட்டும் ஒன்றோடொன்று குழம்பாதபடி எண்களைப் பிரித்துவிட்டார்கள். தொடர் பைட் எப்போதும் 128 முதல் 191 வரைதான், அது தனியாக வரக் கூடாது. திஸ்கியில் 'தமிழ்' தொடங்குவதே 190 என்ற பைட்டில். கண்டிப்பான யூடிஎஃப்-8 சோதனை அந்த முதல் பைட்டிலேயே இது யூடிஎஃப்-8 அல்ல என்று சொல்லிவிடும். எனவே முதலில் கண்டிப்பான யூடிஎஃப்-8, தவறினால் பயனரிடம் கேள்வி என்ற வரிசை தமிழ்க் கோப்புகளுக்கு நன்றாகவே வேலை செய்யும். சோதனை கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். தவறான பைட்டைப் பொறுத்துக்கொண்டு முன்னே போகும் சோதனையால் ஒரு பயனும் இல்லை.

பாமினி இந்த வலையில் சிக்காது. அதன் பைட்டுகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளின் எண்களே. எந்தச் சோதனையும் அதை ஒழுங்கான ஆங்கிலக் கோப்பு என்றே ஏற்கும். மனிதக் கண்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் பாமினி மாற்றத்தை எடிட்டர் தானாகச் செய்யக் கூடாது, பயனர் தேர்ந்தெடுத்த பகுதிக்கு மட்டும் ஒரு கட்டளையாகத் தர வேண்டும். அழைப்பிதழ்க் கோப்பில் மணமக்கள் பெயர் பாமினியில் இருக்கும், மின்னஞ்சல் முகவரி நிஜ ஆங்கிலத்தில் இருக்கும். எது எந்த ஃபாண்ட் என்ற தகவல் வெறும் உரைக் கோப்பில் இல்லை. மொத்தமாக மாற்றினால் முகவரி பொருளற்ற தமிழாகிவிடும்.

திஸ்கிக்கு நல்ல செய்தி உண்டு. அது 2007-இல் இணைய எழுத்துமுறைப் பதிவேட்டில் ஏறியது. லினக்ஸின் சி நூலகத்தோடு வரும் ஐகான்வ் என்ற என்கோடிங் மாற்றும் கருவிக்கும் திஸ்கி தெரியும். எடிட்டர் அதை அழைத்துக்கொண்டால் போதும். டாப், டாம் இரண்டுக்கும் அட்டவணையை நாமே எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஓர் இளைஞர் ஒரு கோடை விடுமுறையில் செய்துவிடக்கூடிய, பல்லாண்டுகளுக்குப் பயன்படும் வேலை அது.

ஊகம் தவறியதும் பயனர் மெனுவைத் திறக்கிறார். இங்கே ஒரு பெரிய குழி. 'இந்தப் பைட்டுகளை வேறு என்கோடிங்காகப் படி' என்பது ஒரு செயல். 'திரையில் உள்ள உரையை வேறு என்கோடிங்கில் எழுது' என்பது வேறு செயல். முதலாவது கோப்பைத் தொடுவதில்லை. இரண்டாவது கோப்பையே மாற்றிவிடுகிறது. விஎஸ் கோடில் இவை 'மீண்டும் திற', 'சேமி' என்று தெளிவாகப் பிரிந்திருக்கின்றன. நோட்பேட்++ மெனுவில் இரண்டும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக இருக்கின்றன. அவசரத்தில் கை தவறுவது எளிது. நிரலுக்குள்ளும் இவை இரண்டும் தனித்தனிச் செயற்கூறுகளாக, தனித்தனிப் பெயரோடு இருக்க வேண்டும்.

கை தவறினால் என்ன ஆகும் என்பதைப் பைட் பைட்டாகப் பார்ப்பது நல்லது. 'க' யூடிஎஃப்-8-இல் 224, 174, 149. இதை 1252 என்று படித்தால் தலையில் சாய்கோடு போட்ட ஒரு லத்தீன் எழுத்து, வட்டத்துக்குள் இருக்கும் பதிவு முத்திரை, ஒரு பருத்த புள்ளி என்று மூன்று குறிகள் வரும். அதை அப்படியே யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் 2, 2, 3 என்று மொத்தம் 7 பைட். இந்த அளவில் பின்னோக்கி மாற்றி மீட்டுவிடலாம். ஆனால் 1252-இல் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. தமிழ்ப் புள்ளியின் பைட்டுகள் 224, 175, 141. உகரக் குறி 224, 175, 129. ஏ 143-இல் முடிகிறது, ஐ 144-இல். காலி இடத்துக்கு என்ன செய்வது என்பதில் நிரல்கள் ஒத்துப்போவதில்லை. சில அதைக் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறியாக வைத்திருக்கும், அப்போது மீட்கலாம். சில அதைத் தூக்கி எறிந்துவிடும். எறிந்த பின் மீட்டால் கும்பகோணம் 'கமபகோணம' என்றுதான் திரும்பும். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. படிப்பவர் இடம் பார்த்து வைத்துப் படித்தார்கள். நம் காலத்துக் கோப்பு ஒன்று மென்பொருளின் கவனக்குறைவால் அந்த நிலைக்குப் போவதை ஏற்க முடியவில்லை.

கேள்விக்குறிகளாக மாறிச் சேமித்த கோப்புக்கு இந்த வாய்ப்பும் இல்லை. பத்துக் கேள்விக்குறிகளும் ஒரே பைட் எண். அவற்றுக்குள் எந்த ஊரும் இல்லை.

தெரியாத பைட்டை என்ன செய்வது

யூடிஎஃப்-8 என்று திறந்த கோப்பின் நடுவே செல்லாத பைட் ஒன்று வந்தால், பல நிரல்கள் அதை எடுத்துவிட்டு ஒரு மாற்றுக்குறியை வைக்கின்றன. இணையப் பக்கத்தைக் காட்ட உலாவிக்கு அது போதும். எடிட்டருக்குப் போதாது, ஏனென்றால் எடிட்டர் அந்தக் கோப்பைத் திரும்ப எழுதப் போகிறது. பயனர் மேலே ஒரு காற்புள்ளியைத் திருத்திச் சேமித்தால், கீழே அவர் பார்க்கவே செய்யாத பைட்டுகள் என்றென்றைக்குமாக அழிகின்றன.

கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோதே பழைய நூல்களைப் பதிப்பிக்கத் தொடங்கிய உ.வே.சாமிநாதையர், சுவடியில் சிதைந்த இடத்தைத் தாமாக நிரப்பவில்லை. புள்ளியிட்டு விட்டார், ஏடுகள் வேறுபட்ட இடங்களைப் பிரதிபேதம் என்று கீழே குறித்தார். எடிட்டரை எழுதுபவருக்கும் அதே ஒழுக்கம் வேண்டும். ஈமாக்ஸ் எடிட்டர் 2009-இல் வந்த 23-ஆம் பதிப்பிலிருந்து இதை அழகாகச் செய்கிறது. யூனிகோடின் எல்லைக்கு அப்பால் 128 தனி இடங்களை ஒதுக்கி, புரியாத ஒவ்வொரு பைட்டையும் அங்கே வைத்துக்கொள்கிறது. சேமிக்கும்போது அதே பைட்டைத் திருப்பி எழுதுகிறது. பைத்தான் 3.1-இல் வந்த 'சரகேட் எஸ்கேப்' முறையும் இதே எண்ணம்தான். விம் எடிட்டரில் கெட்ட பைட்டை வைத்திரு, விடு, வேறு குறியாக்கு என்று மூன்றில் ஒன்றைப் பயனரே சொல்லலாம்.

சேமிக்கும் பக்கத்தில் எதிர்ச் சிக்கல். உரையில் உள்ள எழுத்து இலக்கு என்கோடிங்கில் இல்லாமல் போகலாம். அதைக் கோப்பில் எழுதத் தொடங்கும் முன்பே கண்டுபிடித்து, எந்த வரியில் எந்த எழுத்து என்று காட்டி, பயனரிடம் கேட்க வேண்டும். பாதி எழுதிய பிறகு கண்டுபிடித்தால் பழைய கோப்பும் போயிற்று, புதியதும் இல்லை. தற்காலிகக் கோப்பில் முழுதாக எழுதி முடித்துவிட்டுப் பெயரை மாற்றுவதே முறை.

பெரிய கோப்புகளைத் துண்டு துண்டாகப் படிக்கும் எடிட்டர்களில் இன்னொரு பிழை அடிக்கடி வரும். ஒரு துண்டு 64 கேபி, அதாவது 65,536 பைட் என்று வைப்போம். இடைவெளியே இல்லாத தமிழ் உரையில் அதற்குள் 21,845 குறியெண்கள் முழுதாக அடங்கும், ஒரு பைட் மிஞ்சும். அந்த ஒற்றைப் பைட்டை அடுத்த துண்டோடு சேர்க்காமல் தனியாக டிகோட் செய்தால் எழுத்து உடையும். சின்னக் கோப்பில் சோதித்தவருக்கு இது ஒருபோதும் தெரியாது. திஸ்கியில் துண்டு கொம்போடு முடிந்தால் அதே கதை. டிகோடர் முந்தைய துண்டின் மிச்சத்தை நினைவில் வைத்திருக்கும் ஒரு பொருளாக இருக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாகத் தொடங்கும் செயற்கூறாக இருக்கக் கூடாது.

முதலில் சொன்ன 11 குறியெண் கும்பகோணம் எங்கிருந்து வருகிறது? ஓகாரக் குறிக்கு யூனிகோடில் தனிக் குறியெண் உண்டு. இரட்டைக்கொம்பும் துணைக்காலும் ஆகிய இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோடின் விதி. அவசரமாக எழுதிய திஸ்கி மாற்றிகள் இரண்டாவது வடிவத்தைத் தருகின்றன. பழைய மேக் கோப்பு முறைமை கோப்புப் பெயர்களை அப்படிப் பிரித்தே வைத்தது. தேடும்போது எடிட்டர் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணுக்கு முன்னால் இருக்கும் கும்பகோணத்தை 'இல்லை' என்று சொல்லும். ஆனால் சேமிக்கும்போது தானாகச் சீராக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பயனர் தொடாத வரியின் பைட்டை மாற்றும் உரிமை எடிட்டருக்கு இல்லை. வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு கட்டளை வைக்கலாம்.

நெல்லும் வேலியும்

அடிப்படைத் தமிழ் எழுத்துகள் யூனிகோடில் 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்களுக்குள் இருக்கின்றன. யூடிஎஃப்-16-இல் இவை ஒவ்வொன்றும் ஒரே அலகு (2 பைட்). இதனால் அலகு எண்ணிக்கையும் குறியெண் எண்ணிக்கையும் ஒன்று என்று நம்பித் தமிழுக்கு எழுதிய நிரல்கள் நெடுநாள் பிழையின்றி ஓடின.

2019 மார்ச்சில் யூனிகோட் 12.0 தமிழுக்கு இன்னொரு பகுதியைச் சேர்த்தது. அதில் 51 குறிகள்: முந்திரி, காணி, மா முதலிய பின்னங்கள், நெல், உழக்கு, குறுணி, பதக்கு, காசு, பணம், வராகன், குழி, வேலி, நன்செய், புன்செய். காவிரிப் படுகையின் கணக்குப்பிள்ளைகள் நாள்தோறும் எழுதிய குறிகள் இவை. இன்றைக்கும் இங்கே நிலத்தை மாக்கணக்கில் சொல்கிறார்கள். 20 மா ஒரு வேலி. 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் நிலத்தை வேலியில் தொடங்கி மா, காணி, முந்திரி, கீழ் என்று மிக நுண்ணிய பின்னம் வரை பிரித்துச் சொல்கின்றன; அந்தக் கீழ் என்பதற்கும் இப்போது ஒரு குறியெண் இருக்கிறது. பழைய நிலக்கணக்கையும் கோயில் கணக்கையும் தட்டச்சு செய்பவருக்கு இவை அன்றாடத் தேவை.

இந்தக் குறிகள் 65,535-க்கு மேலே இருக்கின்றன. வேலிக் குறி 73,699. யூடிஎஃப்-8-இல் 4 பைட், யூடிஎஃப்-16-இல் இரண்டு அலகு. பழைய நம்பிக்கையில் எழுதிய எடிட்டரில் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் பாதி வேலி மட்டும் அழியும்; மிஞ்சிய பாதி செல்லாத அலகு; அதைச் சேமிக்கப் போனால் பிழை, அல்லது மாற்றுக்குறி. எடிட்டர்கள் மொழிக் கருவிகளோடு பேசும் எல்எஸ்பி நெறிமுறையிலும் இதே சிக்கல் உண்டு. அது வரிக்குள் இடத்தை யூடிஎஃப்-16 அலகில் எண்ணுவதையே இயல்பாக வைத்திருக்கிறது. 2022-இல் வந்த 3.17 பதிப்பில்தான் யூடிஎஃப்-8, யூடிஎஃப்-32 என்றும் இரு தரப்பும் பேசி ஒத்துக்கொள்ள வழி வந்தது. ஆகவே ஓர் இடத்தைக் குறிக்கும் எண்ணும் வெறும் எண்ணாக இருக்கக் கூடாது. பைட் கணக்கா, யூடிஎஃப்-16 அலகா, குறியெண்ணா, திரையில் தெரியும் எழுத்தா என்பதை வகையாலோ பெயராலோ சுமந்திருக்க வேண்டும். பேக்ஸ்பேஸும் அம்புக்குறியும் இந்த நான்கில் எதைப் பின்பற்றுகின்றன என்பது தற்செயலாக அமையாமல், எடிட்டர் முன்கூட்டியே எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் காக்கும் சோதனைக் கோப்புகளை உருவாக்க அதிக நேரம் ஆகாது. இரண்டு வடிவத்திலும் கும்பகோணம் எழுதிய யூடிஎஃப்-8 கோப்பு ஒன்று. நடுவே 190 என்ற ஒற்றைப் பைட்டைச் செருகிய கோப்பு ஒன்று. கொம்பும் துணைக்காலும் நிறைந்த திஸ்கிக் கோப்பு ஒன்று, வேலிக் குறியும் முந்திரிக் குறியும் உள்ள நிலக்கணக்கு ஒரு பக்கம், இடைவெளியின்றி 64 கேபியைத் தாண்டும் தமிழ் உரை ஒன்று. எல்லாவற்றுக்கும் தமிழில் கோப்புப் பெயர். ஒவ்வொன்றையும் எடிட்டரில் திறந்து, எதையும் மாற்றாமல் சேமித்து, பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையை எழுதி, நீங்கள் பயன்படுத்தும் எடிட்டரின் நிரல் களஞ்சியத்துக்கு அனுப்புங்கள். சோதனை தவறினால் அந்தத் திட்டத்தாருக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும், அவர்கள் தமிழ் அறியாதவர்களாக இருந்தாலும்.